மேல் அடுக்கு

அன்றைக்கு வீட்டில் யாரும் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

முந்தின வாரம் வரை, சமையலறையை ஒட்டிய அந்தச் சின்னக் குளியலறைக் கதவை அவள் திறந்தாலே போதும், அழுகின முட்டை வாடை கூடத்துக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். கணக்கு மேசையில் இருக்கும் கணவன் மூக்கைப் பொத்திக்கொண்டே பெருமூச்சும் விடுவான். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்கிறான் என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. தன் வீட்டுக்காரரோடு கோபித்துக்கொண்டு வந்து மாதக்கணக்கில் தங்கிவிட்ட நாத்தனார், "எங்க வீட்ல சண்டைதான் இருந்துச்சு, நாத்தம் இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். ஏழு வயது மகள், சிட்டு என்று வீட்டில் கூப்பிடும் வாலு, அம்மா தலை தெரிந்ததும் முட்டை வந்தாச்சு என்று பாடிக்கொண்டு ஓடுவாள். இப்போது மூன்று பேரும் கூடத்தில் திரையை இழுத்து விட்டுக்கொண்டு, விளக்குகூடப் போடாமல், வெறுந்தரையில் படுத்துக் கிடந்தார்கள். விடுமுறை நாள் காலை. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

திரையை விலக்கப் போனாள். "கண்ணு கூசுது, எடுக்காத" என்றான் கணவன், கண்ணைத் திறக்காமலே.

சரி, இது புது மாதிரி மௌன விரதம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பேசிப் பார்த்தார்கள், சண்டை போட்டுப் பார்த்தார்கள், இப்போது படுத்துப் பார்க்கிறார்கள். காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் மேசையில் காய்ந்து கிடந்தன. அதையும் அவள்தான் கழுவ வேண்டும். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவளுடைய பாய் காத்துக்கொண்டிருந்தது.

கடலோர ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பாசி டாக்டர் என்று பெயர். அது பாசி இல்லை, நுண்ணுயிர்ப் பாய் என்று திருத்தித் திருத்தி அவளுக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது. உப்புத் தண்ணீர் வந்து தேங்கும் சேற்றுத் திட்டுகளில், தரையோடு தரையாக, ஒரு விரல் கனத்தில் படர்ந்து கிடக்கும் உயிருள்ள விரிப்பு அது. கத்தியால் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். மேலே பச்சை. அது வெயிலைத் தின்று, மற்றவர்களுக்கும் சேர்த்துச் சோறாக்கி, பிராணவாயுவை விடுகிறது. அதற்குக் கீழே ஊதா, பச்சை விட்டுவைத்த மிச்ச வெளிச்சத்தில் பிழைப்பது. அடியில் கறுப்பு. அதற்கு வெளிச்சமும் ஆகாது, பிராணவாயுவும் ஆகாது. மேலேயிருந்து இறங்கும் மிச்சம் மீதியைத் தின்றுவிட்டு முட்டை நாற்றத்தை மேலே அனுப்பும். மேலே ஒருத்தி சமைக்கிறாள், கீழே உள்ளவர்கள் சாப்பிட்டு ஏப்பம் விடுகிறார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லுவாள். அவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் தானும் அந்த வேலையைத்தானே பார்க்கிறோம் என்று நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வராது.

இந்தப் பாயை அவள் வருடக்கணக்காக உயிரோடு காப்பாற்றி வந்தாள். போன மாதம் நிலையத்தில் கடல்நீர்ப் பம்பு படுத்துவிட்டது. கருவி அறைக்காரர் திங்கட்கிழமை சரியாகும் என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று அவர் சொல்லவில்லை. துறைத் தலைவர், பாம்பும் சாகாமல் தடியும் நோகாமல், உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்கள் என்று கையை விரித்தார். நாளாக நாளாகப் பச்சை வெளுக்க ஆரம்பித்தது. கடைசி அளவுகளை எடுக்காமல் அது செத்தால் அவளுடைய ஆய்வும் அதோடு செத்தது. கண்ணாடித் தொட்டியை அப்படியே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒரே ஒரு வாரம் என்று கணவனிடம் கெஞ்சினாள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

இருட்டில் பாய்க்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ராத்திரியெல்லாம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் குடும்பம் நடத்த முடியாது. எனவே குளியலறை ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டி, தரையில் வைத்த தொட்டிக்கு மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, அதன் நேரக் கருவியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். சாயங்காலம் விளக்கு எரியும், காலையில் அணையும். ஊருக்குப் பகலாக இருக்கும்போது பாய்க்கு ராத்திரி. ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் செய்கிற தந்திரம்தான்.

அதில் தப்பில்லை. தப்பு குவளையில்தான் நடந்தது. ஆய்வகத்தில் பாய்த் தண்ணீரைத் தொட்ட குவளைக்குச் சிவப்பு நாடா சுற்றுவார்கள்; அது அந்த அறையை விட்டு வெளியே போகாது. வீட்டில் எல்லாக் குவளையும் ஒரே நீலம். தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற அவசரத்துக்குக் கைக்கு அகப்பட்டதை எடுப்பாள், வைப்பாள். ஒருநாள் சிட்டு குளிக்கும் குவளையின் விளிம்பில் வழுவழுவென்று மெல்லிய வெள்ளை நூல்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். விரலால் வழித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதை அப்போதே மறந்தும் போனாள்.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாயின் இருட்டைக் கெடுக்காத சின்னச் சிவப்பு விளக்கின் மங்கலில் தொட்டி கண்ணுக்குப் பழக நேரமானது. எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பாயின் மேல் வெள்ளை நூல்கள் இருட்டுக்கு வழக்கம்போல அடியிலிருந்து ஏறி வந்து, பச்சையை மூடி, தண்ணீருக்குள் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. நாற்றம் இல்லை. அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஈரச் சுவர், சோப்பு, தன்னுடைய வேர்வை. அவ்வளவுதான். அந்த முட்டை நாற்ற வாயு அளவுக்கு மீறினால் முதலில் சாவது மூக்குதான் என்பது அவளுக்குத் தெரியும். அவசரமாக இடுப்பில் தொங்கிய வாயு எச்சரிக்கைக் கருவியைப் பார்த்தாள். சுழியம். பொத்தானை அழுத்திச் சோதித்தாள். கருவி கீச்சென்று கத்திவிட்டு மறுபடியும் சுழியம் காட்டியது.

ஊசியை இறக்கினாள். முடியைவிட மெல்லிய கண்ணாடி முனை கொண்ட ஊசி, பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது. பாய்க்குள் ஒரு எல்லைக் கோடு உண்டு. அதற்கு மேலே பிராணவாயு, கீழே சுத்தமாக இல்லை. வெளிச்சத்தில் கோடு கீழே இறங்கும், இருட்டில் மேலே ஏறும். ஏறினாலும் பாயின் மேல்தோலோடு நின்றுவிடும். அன்றைக்கு மேல்தோலில் கோடு இல்லை. தண்ணீருக்குள் தூக்கிப் பார்த்தாள், அங்கும் சுழியம். தண்ணீரை விட்டே வெளியே எடுத்து, காற்றில் பிடித்தாள். காற்றில் அது நிறையக் காட்ட வேண்டும். காட்டவில்லை.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தில் இல்லை, எரிச்சலில். இத்தனை கஷ்டப்பட்டு, இத்தனை பேச்சு வாங்கி, கடைசியில் ஊசி கெட்டுவிட்டதா? கழற்றினாள், துடைத்தாள், மறுபடி பொருத்தினாள். கருவி அறைக்காரருக்குப் போன் போட்டாள்.

"முனை ஒடஞ்சிருக்கும் மேடம். திங்கக்கிழம கொண்டாங்க, பாக்கலாம்."

போனைத் தூக்கி எறியவேண்டும் போலிருந்தது. ஊசியை அதன் தாங்கியோடு எடுத்து, தலைக்கு மேலே இருந்த அலமாரியில் டொக்கென்று வைத்தாள். திரையில் எண் குதித்து ஏறியது. நிறைய. சரியாக எவ்வளவு காட்டவேண்டுமோ அவ்வளவு. கீழே இறக்கினாள். கழுத்து உயரத்தில் நிறைய, நெஞ்சு உயரத்தில் நிறைய. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் சட்டென்று சுழியம். ஏற்றினாள். இறக்கினாள். ஒவ்வொரு முறையும் அதே இடம்.

ஊசி கெடவில்லை. கோடு தொட்டியை விட்டு வெளியே வந்திருந்தது.

சமையலறையில் தீப்பெட்டி எடுத்தாள். குச்சியைக் கிழித்து, சுடரைப் பார்த்தபடியே மெல்லக் குனிந்தாள். முழங்காலருகே வந்ததும் சுடர் சுருங்கிற்று, நீலமாயிற்று, அணைந்தது. இன்னொன்று. அதுவும் அதே இடத்தில். குனிந்த அவளுக்கு நெஞ்சு அடைத்தது. விசுக்கென்று நிமிர்ந்தாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று மனசுக்குள் ஒரு குரல் கேலியாகச் சொன்னது. அடுத்த நொடி அவளுக்குக் கூடம் ஞாபகம் வந்தது.

கூடம். தரை. மூன்று பேரும் தரையில் படுத்திருக்கிறார்கள்.

ஓடினாள். திரைக்குப் பின்னால் வெயில் பழுப்பாக முட்டிக்கொண்டு நின்றது. மூன்று பேரும் முன்னைவிட நெருங்கிப் படுத்திருந்தார்கள். சிட்டு தரையில் கன்னத்தை வைத்து, விரலால் தரைக் கல்லின் மேல் கோடு வரைந்துகொண்டு, தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். தீக்குச்சி அணைகிற இடத்துக்கும் கீழே, வெகு கீழே.

அவளை வாரி எடுத்துத் தோளில் போட்டாள். பால்கனிக் கதவை நோக்கி நடந்தாள். நாலடி வைத்திருப்பாள். சிட்டுவின் உடம்பு விறைத்தது. வாய் திறந்து திறந்து மூடியது, கரையில் போட்ட மீன் மாதிரி. உதடு நீலம் பாரித்தது. சின்ன நகங்கள் அம்மாவின் கழுத்தைப் பிறாண்டின. ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல, இதோ காத்து வந்துரும் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள். வெயில் குழந்தையின் முகத்தில் விழுந்தது. அப்போது சிட்டு போட்ட சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

"அவள எறக்கி விடு" என்றான் கணவன். குரலில் கோபமே இல்லை. "மேல காத்து எரியுது. அவளுக்குத் தாங்காது."

இறக்கினாள். வேறு என்ன செய்வாள்? தரையைத் தொட்டதும் குழந்தை நீளமாக மூச்சிழுத்தது. முகத்தில் நிறம் வந்தது. அந்த நிறம் மட்டும் பழைய நிறம் இல்லை. கன்னத்தில் லேசாக ஊதா ஓடியிருந்தது. கணவன் கழுத்திலும் அதே ஊதா. சுவரோரம் கிடந்த நாத்தனாரின் பாதங்களுக்கு அடியில் கறுப்பு, நனைந்த கரி மாதிரி. மூன்று பேரின் முதுகும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கியது.

"என்னங்க" என்றாள் அவள். "எப்பலேர்ந்து இப்படி?"

பதில் நாத்தனாரிடமிருந்து வந்தது. "நீதான் எதையும் கவனிக்கறதில்லயே. உனக்கு உன் பாய் இருக்கு."

அந்த நேரத்திலும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சமைத்தது யார், துவைத்தது யார், இந்த வீட்டில் எழுந்து நின்று வேலை பார்க்கிற ஒரே ஆள் யார் என்று கேட்க வாயைத் திறந்தாள். குழந்தையருகே குனிந்தே இருந்தவளுக்கு மூச்சு வரவில்லை; நிமிர்ந்த பிறகுதான் வந்தது. கோடு இப்போது அவள் இடுப்பைத் தாண்டியிருந்தது. பால்கனிக் கதவு திறந்துதான் கிடந்தது. அந்தக் காற்று உள்ளே வருவதாகவே தெரியவில்லை.

இருட்டில் கோடு ஏறும். வெளிச்சத்தில் இறங்கும்.

விளக்கு. குளியலறை விளக்கு.

கோடு நெஞ்சுவரை ஏறிவிட்டிருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. முகவாயைத் தூக்கிக்கொண்டு, நுனிக்காலில், ஆற்றில் நடக்கிறவளைப் போல நடந்தாள். பின்னால் ஏதோ தரையில் உரசும் சத்தம். ஈரத் துணியை இழுப்பது போல. அவள் திரும்பவில்லை. நேரக் கருவியைத் தட்டினாள்.

விளக்கு எரிந்தது.

வெள்ளை நூல்கள் சுருண்டு பாய்க்குள் புதைந்தன. பச்சை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் மேல் முத்து முத்தாகக் குமிழிகள் பூத்தன. கழுத்திலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து இடுப்புக்கு. கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து வாயால் மூச்சை அள்ளிக் குடித்தாள்.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் ஊர்ந்து வந்துவிட்டிருந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த குறுகலான தரையில் நாத்தனார் முகம் குப்புறக் கிடந்தாள். அவள் மேல் கணவன். கணவன் மேல் சிட்டு. ஒருவர் மேல் ஒருவர், விளிம்போடு விளிம்பு பொருந்த, மடித்து அடுக்கிய துணி மாதிரி. கீழே இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள். மேலே கிடந்தது குழந்தை. விளக்கு நேராக அவள் முதுகில் விழுந்தது. முதுகு சிவந்தது. வாய் திறந்து திறந்து மூடியது.

விளக்கை அணைத்தாள். குழந்தை அடங்கியது. கோடு விறுவிறுவென்று ஏறி அவள் உதட்டைத் தொட்டது. போட்டாள். கோடு இறங்கியது. குழந்தை துடித்தது. அணைத்தாள். போட்டாள். இருதலைக்கொள்ளி எறும்பு. கொடியில் கிடந்த கறுப்புத் துணியை உருவிக் குழந்தை மேல் போர்த்தினாள். துணி வெளிச்சத்தைத் தடுத்தது, காற்றைத் தடுக்கவில்லை. துணிக்கு அடியில் அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

துணியை எறிந்துவிட்டு மகளின் முதுகில் கையை வைத்தாள். சும்மா, அம்மாக்கள் வைக்கிற மாதிரி. உள்ளங்கைக்கு அடியில், உள்ளங்கை அளவுக்கு மட்டும், சிவப்பு தணிந்தது. அந்த இடம் குளிர்ந்து, ஊதாவாகி, நிம்மதியாக மூச்சு விட்டது.

அவளுக்குப் புரிந்தது. வருடம் தவறாமல் வகுப்பில் சொன்னதுதான். மேல் அடுக்கு இல்லாவிட்டால் கீழ் அடுக்குகள் பிழைக்காது. அதன் நிழலும் வேண்டும், அதன் சோறும் வேண்டும்.

"அம்மா" என்றாள் சிட்டு. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "உன் எடம் காலியா இருக்கு."

முடியாது என்று சொல்ல நினைத்தாள். எனக்குக் களைப்பாக இருக்கிறது, ஒரே ஒரு நாள் வேறு யாராவது பாருங்கள் என்று கத்த நினைத்தாள். குழந்தையின் முதுகு அவள் கைக்கு வெளியே எல்லா இடத்திலும் எரிந்துகொண்டிருந்தது.

விளக்கை எரியவிட்டாள். மண்டியிட்டாள். மகளின் மேல் மெதுவாகச் சாய்ந்தாள். காலோடு கால். கையோடு கை. கன்னத்தோடு கன்னம். விளிம்போடு விளிம்பு பொருந்தியது.

துடிப்பு நின்றது.

முதுகில் விளக்கு சுட்டது. சூடு இதமாக இருந்தது. அந்த இதம்தான் பயங்கரம். கண்ணுக்கு முன்னால் தன் முன்கை தெரிந்தது. தோலுக்கு அடியில் நரம்பு ஓடும் வழியெல்லாம் மெல்லிய பச்சை. அதன் மேல் ஒரு குமிழி பூத்தது. பக்கத்தில் இன்னொன்று. வெள்ளி முத்துக்கள். எழுந்திருக்கப் பார்த்தாள். வயிற்றருகே ஏதோ மெல்லிய நூல்கள், வழுவழுவென்று, அடியிலிருந்து ஏறி வந்து பின்னிக்கொண்டன.

நாற்றம் திரும்பி வந்தது. ஒரு வாரத்துக்கு அப்புறம், முதல் தடவையாக.

"பசிக்குதும்மா" என்றாள் சிட்டு.

அவளுக்கு அடியில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, மூன்று வாய்கள் திறந்தன.